தராசில் மண்ணெண்ணெய்: கற்றை நேர ஒதுக்கீட்டுக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், அவர்களுக்கு நிதி ஒதுக்கும் அமைச்சகத்தாருக்கும்,

உங்கள் முடிவு சென்ற மாதம் ஒன்றரைப் பக்கக் கடிதமாக எங்கள் கட்டுப்பாட்டறைக் கதவில் ஒட்டப்பட்டிருந்தது. எங்கள் ஆய்வு மையத்தின் அதிகுளிர் நியூட்ரான் மூலம், அதாவது அணுக்கருவிலிருக்கும் மின்னூட்டமற்ற துகளான நியூட்ரானை மிகமிக மந்தமாக்கிச் சோதனைகளுக்குத் தரும் பொறி, வரும் ஆண்டிலிருந்து ஆண்டுக்கு 60 நாட்கள் மட்டுமே ஓடும், அதுவும் மூன்று தவணைகளாக. ஓய்வு பெறும் இரண்டு தொழில்நுட்பப் பணியாளர்களின் இடங்கள் நிரப்பப்படா. காரணமாக ஒரே வரி: ஒரு கற்றை நாளுக்கு, அதாவது நியூட்ரான் கற்றை ஓடும் ஒரு நாளுக்கு, இந்த மூலம் தரும் ஆய்வுக் கட்டுரைகளின் எண்ணிக்கை, மையத்தின் மற்றக் கருவிகளின் சராசரியைவிட மிகக் குறைவு.

கணக்கை நானும் போட்டுப் பார்த்தேன். தப்பில்லை. அளந்த கருவிதான் தப்பு. என் அப்பா ரேஷன் கடையில் முப்பது வருடம் எடை போட்டவர். அரிசிக்கும் சர்க்கரைக்கும் தராசு, மண்ணெண்ணெய்க்கு லிட்டர் குவளை. எத்தனையோ அதிகாரிகள் சோதனைக்கு வந்து போனார்கள். தராசுத் தட்டில் மண்ணெண்ணெயை ஊற்றிக் காட்டு என்று அவரிடம் ஒருவரும் கேட்டதில்லை. நீங்கள் எங்களிடம் அதைத்தான் கேட்டிருக்கிறீர்கள்.

இதே மடலை அலுவல் மொழியில் இரண்டு முறை அனுப்பினேன். "கவனத்தில் கொள்ளப்பட்டது" என்று இரண்டு முறையும் பதில் வந்தது. அதனால் இப்போது என் மொழியில், நாலு பேர் படிக்கிற இடத்தில் எழுதுகிறேன். மையத்தில் வேலை பார்க்கும் தமிழ்ப் பிள்ளைகள் யாராவது உங்களுக்கு வாசித்துச் சொல்வார்கள். மற்ற வாசகர்களுக்காக அடிப்படையிலிருந்து தொடங்க வேண்டியிருக்கிறது. உங்கள் குழுவில் இந்தத் துறையைச் சேர்ந்தவர் ஒருவரும் இல்லை என்பதால், அது உங்களுக்கும் வீணாகாது.

அணு பிளக்கும்போது தெறிக்கும் நியூட்ரான் நொடிக்குச் சுமார் இருபதாயிரம் கிலோமீட்டர் வேகத்தில் கிளம்புகிறது. தண்ணீரிலோ கனநீரிலோ முட்டி மோதி அறை வெப்பநிலைக்கு வந்த பிறகும் நொடிக்கு 2,200 மீட்டர். எங்களுக்கு வேண்டியது நொடிக்கு ஏழு மீட்டருக்கும் கீழே, அதாவது சைக்கிள் வேகம். அந்த மந்தத்தில் நியூட்ரானுக்கு ஒரு புதுக் குணம் வருகிறது: நிக்கலோ பெரிலியமோ பூசிய சுவரில் எந்தக் கோணத்தில் மோதினாலும் உள்ளே நுழையாமல் திரும்பிவிடும். ஆகவே பாத்திரத்தில் பிடித்து வைக்கலாம். அதன் ஆற்றல் 200, 300 நானோ எலக்ட்ரான் வோல்ட்தான். ஒரு மீட்டர் உயரம் ஏறவே 102 நானோ எலக்ட்ரான் வோல்ட் செலவாகிவிடும் என்பதால், பாத்திரத்தின் சுவர் மூன்று மீட்டர் இருந்தால் மூடிகூட வேண்டாம். மேலே துள்ளி, மூச்சு வாங்கி, கீழே விழுந்துவிடும்.

இப்படிப் பிடித்து வைக்க முடியும் என்று 1959-ல் சோவியத் இயற்பியலாளர் செல்டோவிச் எழுதினார். 1968-ல் அந்நாட்டின் துப்னா ஆய்வு நகரில் ஷபீரோவின் குழு செய்து காட்டியது. ஏறக்குறைய அதே நேரம் மியூனிக்கில் ஷ்டையர்லும் தனி வழியில் வந்து சேர்ந்தார். முடியும் என்பது அன்றே தெரிந்துவிட்டது. போதுமான அளவு கிடைப்பதுதான் இன்றுவரை பாடு. அறை வெப்பநிலையில் இருக்கும் நியூட்ரான் பாய்வில் பத்தாயிரம் கோடிக்குச் சிலதான் இத்தனை மந்தமானவை. அவற்றைப் பொறுக்கி எடுப்பது, வைக்கோல் போரில் ஊசி தேடுவதைவிடச் சிரமம்; ஊசியாவது கால் மணி நேரத்தில் தானாகச் சிதைந்து போகாது.

பிரான்சின் கிரெனோபிளில் இருக்கும் லாவே–லாஞ்சவான் நிறுவனத்தில் ஷ்டையர்ல் 1980களில் அமைத்த விசையாழி இதற்கு ஒரு வழி. குளிர்ந்த நியூட்ரான்கள் செங்குத்துக் குழாயில் மேலேறி, பின்வாங்கி ஓடும் நூற்றுக்கணக்கான நிக்கல் தகடுகளில் மோதும். வேகமாக வரும் பந்தை மட்டையைப் பின்னுக்கு இழுத்து வாங்கினால் காலடியிலேயே விழுமல்லவா, அதேதான். நல்ல பொறி. ஆனால் அது நியூட்ரான்களை மெதுவாக்கும், நெருக்கமாக்காது. வேகத்தில் குறைத்ததை இடத்தில் விட்டுக்கொடுக்க வேண்டும். இயற்கை அந்தக் கணக்கில் கொசுறு தருவதில்லை.

கொசுறு வாங்கும் வழியை கோலப், பெண்டில்பரி என்ற இயற்பியலாளர்கள் இருவரும் 1975-ல் சொன்னார்கள். ஒரு கெல்வினுக்கும் (மைனஸ் 272 டிகிரி செல்சியசுக்கும்) கீழே, உராய்வே இல்லாமல் ஓடும் திரவமாக இருக்கும் மீப்பாய்ம ஹீலியத்துக்குள், 8.9 ஆங்ஸ்ட்ராம் அலைநீளமுள்ள குளிர் நியூட்ரானை விடுங்கள். அது தன் ஆற்றல் முழுவதையும் ஒரே வீச்சில் ஹீலியத்துக்கு அதிர்வாகக் கொடுத்துவிட்டு நின்றுபோகும். மறுபடி ஓட வேண்டுமென்றால் அதே அளவு ஆற்றலை ஹீலியத்திடமிருந்து திரும்ப வாங்க வேண்டும். அத்தனை குளிரில் ஹீலியத்திடம் கொடுக்க ஒன்றுமில்லை. இறங்குவதற்குப் படிக்கட்டு உண்டு, ஏறுவதற்கான படிக்கட்டை எடுத்துவிட்டோம். ஐந்து கெல்வினில் உறைந்த டியூட்டீரியமும், அதாவது கன ஹைட்ரஜனும், இதே வேலையைச் செய்யும். நான் பதினான்கு வருடங்களாகக் கட்டி மேய்ப்பது அந்த டியூட்டீரியத்தைத்தான்.

இங்கே கொஞ்சம் நிற்க விரும்புகிறேன். உங்கள் கடிதத்தில் எங்கள் மூலத்தை "சாதனம்" என்று நான்கு இடங்களில் எழுதியிருக்கிறீர்கள். சாதனம் என்றால் விசையை அழுத்தினால் ஓடும், அணைத்தால் நிற்கும். இது அப்படியில்லை. டியூட்டீரிய மூலக்கூறுகளில் ஆர்த்தோ, பாரா என இரண்டு வகை. பாரா வகை நியூட்ரானுக்கு ஆற்றலைத் திருப்பிக் கொடுத்து அதை எழுப்பிவிடும். எனவே கிட்டத்தட்ட முழுவதையும் ஆர்த்தோவாக மாற்றிய பிறகே உறைய வைக்க வேண்டும். அடுத்தது சாதாரண ஹைட்ரஜன். டியூட்டீரியத்தைவிட அறுநூறு மடங்குக்கு மேல் நியூட்ரானை விழுங்கும். ஆயிரத்தில் ஒரு பங்கு கலந்தாலே விளைச்சல் இறங்கத் தொடங்கும். குழாய் இணைப்பில் ஒரு கைரேகை என்றால் அது எண்ணெய், எண்ணெய் என்றால் ஹைட்ரஜன். புதிதாக வரும் மாணவர்களிடம் நான் முதல் நாள் சொல்வது இயற்பியல் இல்லை, கையுறை மாற்றும் முறை.

பிறகு உறைதல். 18.7 கெல்வினில் திரவம் திண்மமாகத் தொடங்கும். அவசரப்பட்டால் படிகம் வெடித்து, பொடிந்து, வெளுத்துப் போகும். உள்ளே பிறந்த நியூட்ரான் வெளியே வர வழி தெரியாமல் அதற்குள்ளேயே அலைந்து தொலையும். நிதானமாக இறக்கினால் கண்ணாடி மாதிரி வரும் என்று ஆய்வகத்துச் சிறு கலங்களில் பார்த்திருக்கிறோம். பெரிய கலத்துக்குள் எட்டிப் பார்க்க முடியாது. எண்ணிக்கை ஏறுகிறதா இறங்குகிறதா என்பதை வைத்துத்தான் உள்ளே என்ன நடக்கிறது என்று ஊகிக்க வேண்டும், மருத்துவச்சி வயிற்றைத் தொட்டுப் பார்ப்பதுபோல. சரி, உறைந்துவிட்டது. அத்தோடு முடிந்ததா? உள்ளே பாயும் ஒவ்வொரு நியூட்ரான் துடிப்பும் மேற்பரப்பைச் சற்றுச் சூடாக்கும். கொஞ்சம் டியூட்டீரியம் ஆவியாகி மறுபடி மேலேயே பனித்துகளாகப் படியும். அந்தப் பனி நியூட்ரானை உள்ளேயே திருப்பி அனுப்பும். சுவிட்சர்லாந்தின் பால் ஷெரர் நிறுவனத்தார் உள்ளிட்டோர் இதை 2018-ல் விரிவாக வெளியிட்டார்கள். மேற்பரப்பை மெல்லச் சூடேற்றிப் பனியைச் சரிசெய்ய வேண்டும். எவ்வளவு மெல்ல, எத்தனை மணி நேரம் என்பது ஒவ்வொரு மூலத்துக்கும் வேறு.

எங்கள் மூலத்துக்கு அது எவ்வளவு என்று தெரிந்தவர் ஒருவர் இருந்தார். ஆறு வருடம் முன்பு ஓய்வு பெற்றார். அப்போதும் உங்களுக்கு முந்தைய குழு அவரிடத்தை ஐந்து மாதம் காலியாக வைத்தது. அந்த ஐந்து மாதத்துக்குள் குளிரூட்டி நின்று, முழுவதும் உருகி, நாங்கள் புதிதாக உறைய வைக்க வேண்டி வந்தது. அவருடைய குறிப்பேட்டைப் பார்த்து, வரிக்கு வரி அப்படியே செய்தோம். எண்ணிக்கை வழக்கத்தில் மூன்றில் இரண்டு பங்குகூட எட்டவில்லை. உருக்கினோம், மறுபடி உறைய வைத்தோம். நான்கு மாதம். கடைசியில் அவரையே வீட்டுக்குப் போய் அழைத்து வந்தேன். வந்தவர் பதிவுகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இந்த இடத்தில் நான் சாப்பிடப் போய்விடுவேன், அதை எழுதவில்லை" என்றார். குறிப்பேட்டில் இரண்டு படிகளுக்கு நடுவே அவருடைய மதியச் சாப்பாட்டு நேரம், ஒன்றே கால் மணி, விடுபட்டிருந்தது. அந்த ஒன்றே கால் மணி நேரத்தில்தான் படிகம் தன்னைச் சரிசெய்துகொண்டிருந்திருக்கிறது.

சிரிப்பாக இருக்கலாம். அந்த நான்கு மாதம் காத்திருந்த மாணவிக்குச் சிரிப்பு வரவில்லை. முனைவர் பட்டத்தின் மூன்றாம் ஆண்டில் இருந்தார். உதவித்தொகை முடிந்து, கடைசி அத்தியாயம் இல்லாமலே ஆய்வேட்டை ஒப்படைத்துவிட்டுப் போனார். இப்போது ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் வேலை செய்கிறார். நன்றாக இருக்கிறார் என்று கேள்வி.

ஆண்டுக்கு மூன்று தவணை என்று நீங்கள் எழுதியது எனக்கு எப்படிக் கேட்டிருக்கும் என்று இப்போது புரியும். மூன்று முறை உருக்கு, மூன்று முறை உறைய வை, மூன்று முறை மேற்பரப்பைப் பழக்கு. ஒவ்வொன்றுக்கும் எல்லாம் ஒழுங்காக நடந்தால் எட்டு, ஒன்பது நாட்கள். உங்கள் 60 நாட்களில் 25 அங்கேயே போயிற்று. மீதி 35 நாட்களில் கட்டுரை எங்கே என்று அடுத்த ஆண்டு மறுபடி கேட்பீர்கள்.

இனி அந்தக் கட்டுரைக் கணக்குக்கு வருகிறேன். நியூட்ரானுக்கு மொத்தத்தில் மின்னூட்டம் இல்லை. ஆனால் உள்ளே நேரும் எதிரும் மயிரிழை விலகி இருக்கின்றனவா? இருந்தால், காலத்தைத் திருப்பி ஓட்டினால் இயற்கை வேறு மாதிரி நடக்கும் என்று பொருள். பிரபஞ்சத்தில் பொருள் மிஞ்சி எதிர்ப்பொருள் காணாமல் போனது ஏன் என்ற கேள்விக்கு அங்கே ஒரு பதில் இருக்கக்கூடும். இதைத்தான் மின் இருமுனைத் திருப்புத்திறன் என்கிறோம். ஸ்மித், பர்செல், ராம்சே மூவரும் 1957-ல் வெளியிட்ட முதல் அளவீடு, அது இருந்தாலும் 5×10⁻²⁰ எலக்ட்ரான் மின்னூட்டம்–சென்டிமீட்டருக்குள்தான் என்று காட்டியது. 2020-ல் பால் ஷெரர் நிறுவனத்தில் நடந்த சோதனை அந்த எல்லையை 1.8×10⁻²⁶ வரை இறக்கியது. 63 வருடத்தில் சுமார் 28 லட்சம் மடங்கு. நியூட்ரானைப் பூமி அளவுக்கு ஊதிப் பெரிதாக்கினால், அந்த விலகல் ஓரிரு மைக்ரோமீட்டருக்கு மேல் இல்லை என்கிறது அந்த எண். நியூட்ரான் கற்றையைக் கொண்டு தொடங்கிய வேலை இது. கற்றை நொடியின் சிறு பகுதியில் கருவியைக் கடந்துவிடும் என்பதால் ஒரு கட்டத்துக்கு மேல் நகரவில்லை. பாத்திரத்தில் மூன்று நிமிடம் உட்காரும் அதிகுளிர் நியூட்ரான் வந்த பிறகே மீண்டும் நகர்ந்தது.

அந்த 2020 முடிவுக்கு எத்தனை தரவு தேவைப்பட்டது தெரியுமா? ஐந்து நிமிடத்துக்கு ஒரு சுற்று வீதம் 54,000-க்கும் மேற்பட்ட சுற்றுகள். இடைவிடாமல் ஓட்டினால் 187 நாட்கள். காந்தப்புலத்தைச் சரிபார்த்தது, கருவியைப் பழக்கியது, பழுது பார்த்தது எல்லாம் அதற்கு வெளியே. கையில் வந்தது ஓர் எண், முக்கியமான ஒரு கட்டுரை. அந்த எண்ணை வைத்து உலகெங்கும் கோட்பாட்டாளர்கள் தங்கள் மாதிரிகளில் பாதியை அடித்துத் திருத்துகிறார்கள். உங்கள் தராசில் வைத்தால் 187 நாளுக்கு ஒன்று. பக்கத்துக் கூடத்தில், பொருள்களில் நியூட்ரானைச் சிதறவிட்டு உள்ளமைப்பைப் பார்க்கும் சிதறல் கருவி வாரத்துக்கு மூன்று பொருள்களை அளந்து கட்டுரையாக்குகிறது. அவர்கள் வேலையைக் குறைத்துச் சொல்லவில்லை. மின்கலமும் மருந்தும் அங்கிருந்துதான் வருகின்றன. இரண்டையும் ஒரே தட்டில் வைக்காதீர்கள் என்கிறேன்.

இன்னொன்று. தனி நியூட்ரானின் சராசரி ஆயுள் என்ன? பாத்திரத்தில் அடைத்து, மிச்சம் எத்தனை என்று எண்ணிய, அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வகச் சோதனை 2021-ல் 877.75 நொடி என்றது. கற்றையில் சிதைவுகளை எண்ணிய இன்னோர் அமெரிக்கச் சோதனை 2013-ல் 887.7 என்றது. பத்து நொடி வித்தியாசம், இரு தரப்பும் சொல்லும் பிழை எல்லைக்குள் அடங்காத வித்தியாசம். பெருவெடிப்புக்குப் பிந்தைய முதல் நிமிடங்களில் எவ்வளவு ஹீலியம் உருவானது என்ற கணக்கில் இந்த எண் உட்கார்ந்திருக்கிறது. யாரோ எதையோ கவனிக்கத் தவறியிருக்கிறார்கள், அல்லது நமக்குத் தெரியாத ஒன்று நடக்கிறது. என் சொந்த ஊகம் முதலாவதுதான். ஆனால் என் ஊகத்தை எண்ணிப் பார்க்க நியூட்ரான் வேண்டும்.

"இச்சோதனைகளைப் பிற மையங்களில் தொடரலாம்" என்றும் கடிதம் சொல்கிறது. எங்கே? இவ்வகை மூலங்கள் உலகில் விரல் விட்டு எண்ணுமளவே உள்ளன: கிரெனோபிள், பால் ஷெரர் நிறுவனம் இருக்கும் வில்லிகன், ஜெர்மனியின் மைன்ஸ், லாஸ் அலமோஸ், கனடாவின் வான்கூவர், இன்னும் ஓரிரண்டு. மைன்ஸில் இருப்பது 100 கிலோவாட் அணு உலை. ஒரு கணத் துடிப்பில் 250 மெகாவாட் வரை ஏறி இறங்கும் கெட்டிக்காரச் சிற்றுலை. ஆனால் அதன் பல்கலைக்கழகத்துக்கே அதில் வேலை நிறைய. மறுபக்கம் 2019-ல் பெர்லின் உலையும் பிரான்சின் சாக்லே உலையும் மூடப்பட்டன. மியூனிக் அருகே கார்சிங் உலை 2020-ல் நின்று பல ஆண்டுகள் ஓடவில்லை. இவற்றில் அதிகுளிர் மூலம் இருக்கவில்லை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அங்கே வேலை செய்தவர்கள் எல்லாம் மிச்சமிருக்கும் வாசல்களில்தான் வரிசையில் நிற்கிறார்கள். ஸ்வீடனின் லுண்டில் எழும் ஐரோப்பிய நியூட்ரான் மூலத்திலும் முதலில் கட்டத் தேர்ந்த 15 கருவிகளில் துகள் இயற்பியலுக்கென்று ஒன்றும் இல்லை. போகச் சொல்லும்போது போகும் இடத்தையும் காட்ட வேண்டாமா?

எங்கள் பக்கத்திலும் குறை உண்டு. மூலத்தை எப்படி ஓட்டுகிறோம் என்பதை நாங்கள் ஒழுங்காக எழுதி வெளியிட்டதில்லை. பனி, படிகம், கசிவு எல்லாம் "வெறும் பராமரிப்பு" என்ற எண்ணம் எங்களுக்கே இருந்தது. எழுதியிருந்தால் உங்கள் பட்டியலில் நான்கைந்து கட்டுரைகள் கூடியிருக்கும். அந்த ஒன்றே கால் மணி நேரமும் தொலைந்திருக்காது. இந்த ஆண்டு முதல் எழுதுகிறோம். ஆனால் எழுதுவதற்கு மூலம் குளிர்ந்த நிலையில் இருக்க வேண்டும், தொட்டுப் பழகிய கைகளும் இருக்க வேண்டும்.

எனவே கேட்கிறேன். மூன்று தவணைத் திட்டத்தை விலக்கிக்கொள்ளுங்கள். நாட்களைக் குறைத்தே ஆக வேண்டுமென்றால் குறையுங்கள், ஆனால் ஒரே தொடராகக் கொடுங்கள்: ஆண்டுக்கு ஒரு முறை மட்டுமே உருக்கி உறைய வைப்போம். நூறு நாள் தொடர்ச்சி, மூன்று தவணையாக வரும் நூற்றைம்பதைவிட எங்களுக்கு மேல். அதற்கான கணக்கை இணைத்து உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பியிருக்கிறேன்.

ஓய்வு பெறப்போகும் இருவரின் இடங்களுக்கு இப்போதே ஆள் எடுங்கள். அவர்கள் போன பிறகு வேண்டாம். குறைந்தது இரண்டு முழு உறைதலாவது பழையவரும் புதியவரும் சேர்ந்து நின்று செய்ய வேண்டும். ஒருவருக்கு அடுத்த ஆவணியோடு அறுபத்தைந்து முடிகிறது. கைவசம் பதினோரு மாதம்.

அதிகுளிர் நியூட்ரான் சோதனைகளை நாளுக்கு இத்தனை கட்டுரை என்று மதிப்பிடுவதை நிறுத்துங்கள். ஐந்தாண்டுக்கு ஒரு முறை, இத்துறையைச் சேர்ந்த வெளியாட்கள் இருவராவது இருக்கும் குழுவை அனுப்பி, எட்டிய துல்லியம் எவ்வளவு, அடுத்து எட்டப்போவது எவ்வளவு என்று கேளுங்கள். கடுமையாகவே கேளுங்கள். பதில் சொல்ல முடியாவிட்டால் மூடிவிடுங்கள், நான் வாய் திறக்க மாட்டேன்.

கடைசியாக, முடிவை உறுதி செய்வதற்கு முன் உங்களில் இருவராவது ஒரு முறை இங்கே வந்து ஓர் இரவு ஷிப்டில் உட்காருங்கள். அடுத்த உறைதல் தை மாதம் இரண்டாம் வாரம் தொடங்குகிறது. தேதியும் வாசல் அனுமதிச் சீட்டும் உங்கள் செயலரிடம் இருக்கின்றன. கையுறை நாங்கள் தருகிறோம்.

இப்படிக்கு,
மூலப் பொறுப்பாளர்களில் ஒருவன்